எண்ணெய்க்கு வேகம், பாலுக்கு நிதானம்

லேட்டக்ஸ் காம்பவுண்டிங் அறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் இரண்டு ஸ்டர்ரர்களைக் காட்டுவேன். ஒன்றின் தண்டில் ரம்பப் பல் வெட்டிய வட்டு இருக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும். மற்றதில் டிரம்மின் அடியைத் தொடுகிற மாதிரி அகலத் துடுப்பு. அது 40 சுற்றைத் தாண்டாது. முதலாவது எண்ணெயை உடைப்பதற்கு. இரண்டாவது, உடைத்த எண்ணெயை ரப்பர் பாலோடு சேர்ப்பதற்கு. எந்த இடத்தில் வேகம் கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இந்த வேலையில் பாதி கைக்கு வந்த மாதிரி. மீதிப் பாதி பொறுமை.

என் ஊரான பொழியூரில் ரப்பர் மரம் கிடையாது. தென்னையும் மணலும் கடலும்தான். நெய்யாறு கடலில் சேரும் பூவார் பக்கத்திலேயே இருக்கிறது. தெற்கே நடந்தால் கொல்லங்கோடு, அது தமிழ்நாடு. ரப்பர் வேண்டுமென்றால் கிழக்கே ஏற வேண்டும்: கேரளப் பக்கம் வெள்ளறடை, அம்பூரி, தமிழ்நாட்டுப் பக்கம் அருமனை, களியல், குலசேகரம். அந்த மலையடிவாரத்துப் பாலை நம்பித்தான் எல்லையின் இரண்டு பக்கமும் சிறிய லேட்டக்ஸ் பட்டறைகள் வந்தன. கையுறை, பலூன், ரப்பர் நூல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கு. கடலோரத்துப் பையனான நான் அப்படி ஒரு கையுறைப் பட்டறையில் ஒரு ஆசானிடம் தொழில் கற்றேன். அவர் மலையாளத்தில் கணக்குப் போடுவார், தமிழில் வேலை சொல்வார்.

ரப்பர் பால் என்பதே ஒரு எமல்ஷன். மனிதன் செய்வதற்கு முன்பே மரம் செய்து வைத்தது. வெட்டிய பட்டையிலிருந்து சிரட்டைக்கு வரும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துகள்களாகவும், இரண்டு மூன்று மைக்ரான் துகள்களாகவும் மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு எதிர் மின்னூட்டம். அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அமோனியா விடாமல் வைத்தால் சில மணி நேரத்தில் கிருமிகள் அந்த உறையைத் தின்று பால் திரிந்துவிடும். அமோனியா விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ரப்பர் அளவை 60 சதவீதத்துக்கு ஏற்றிய பால்தான் டிரம்மில் அடைத்து எங்களிடம் வரும்.

அந்தப் பாலை அப்படியே அச்சில் முக்கிக் காயவைத்தால் பலமில்லாத ஒரு தோல்தான் கிடைக்கும். அதற்குக் கந்தகம் வேண்டும், துத்தநாக ஆக்சைடு வேண்டும், ஆக்சிலரேட்டர் வேண்டும், சீக்கிரம் கெடாமலிருக்க ஆன்டி-ஆக்சிடன்ட் வேண்டும். ரப்பர் ஷீட் தொழிலில் இவற்றையெல்லாம் மிக்சிங் மில்லில் ரப்பரோடு பிசைந்துவிடலாம். பாலில் அது முடியாது. உலர்ந்த பொடியைத் தூவினால் அது பக்கத்துத் துகள்களின் தண்ணீரை உறிஞ்சிக் கட்டி கட்டும். பச்சை எண்ணெயை ஊற்றினால் மேலே மிதக்கும். ஆகவே பொடியை நீரில் அரைத்து டிஸ்பெர்ஷனாக்க வேண்டும். எண்ணெயை நீரில் உடைத்து எமல்ஷனாக்க வேண்டும். பாலில் ஏற்கெனவே இருக்கிற துகள்களின் அளவுக்கும் மின்னூட்டத்துக்கும் காரத்துக்கும் இவை ஒத்துப்போனால்தான் பால் இவற்றை ஏற்றுக்கொள்ளும்.

பொடிக்குப் பால்-மில். பீங்கான் குண்டுகள் போட்டுச் சுழலும் ஜாடி அது. ஜாடியில் பாதி குண்டு. குண்டுகளுக்கு நடுவே உள்ள இடம் நிறைந்து சற்றே மேலே மூடும் அளவுக்கு, பொடியும் தண்ணீரும் டிஸ்பெர்சிங் ஏஜென்டும் சேர்ந்த கலவை. கந்தகம் இரண்டு மூன்று நாள் ஓடும். துத்தநாக ஆக்சைடுக்கு ஒரு நாள் போதும். எத்தனை சுற்று என்று கேட்பார்கள். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஜாடியை நிமிடத்துக்கு 55 சுற்றில் ஓட்டினால் குண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும், ஒன்றும் அரையாது. 35 முதல் 40 வரை வைத்தால் குண்டுகள் ஏறி, சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று உருண்டு அரைக்கும். ஆசான் மீட்டரைப் பார்க்க மாட்டார். வாசலில் நின்று காது கொடுப்பார். சீரான சலசலப்பு வந்தால் சரி. தடதடவென்று கேட்டால் கலவை குறைவு, குண்டும் குண்டும் மோதித் தேய்கிறது என்று அர்த்தம். சத்தம் அமுங்கிப் போனால் கலவை கட்டியாகிவிட்டது, கொஞ்சம் தண்ணீர் வேண்டும். இன்று புதிய பட்டறைகளில் நிமிர்ந்து நிற்கும் அட்ரிட்டர் வந்துவிட்டது. நாள் கணக்கு மணிக் கணக்காகிவிட்டது. ஆனாலும் காதைப் பழக்கிய ஆளுக்கு அதன் சத்தமும் பேசும்.

எமல்ஷன் இதைவிட நுட்பமான வேலை. கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் மெஷினைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் சோப்பைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்வேன். லிக்விட் பாரஃபினை 50 சதவீத எமல்ஷனாக்க எங்கள் கணக்கு இது: எண்ணெய் 50 கிலோ, ஓலிக் ஆசிட் இரண்டரை கிலோ, 25 சதவீத அமோனியாக் கரைசல் இரண்டரை கிலோ, தண்ணீர் 45 கிலோ. சோப்பைத் தனியாகக் காய்ச்சி ஊற்றுவதில்லை. ஓலிக் ஆசிட்டை எண்ணெயில் கரைக்கிறோம். அமோனியாவைத் தண்ணீரில் சேர்க்கிறோம். இரண்டும் சந்திக்கிற எல்லையில், எண்ணெய்த் துளி பிறக்கிற அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே சோப்பு உண்டாகிறது. பிறந்த துளிக்கு உடனே உறை கிடைக்கிறது. உறை இல்லாத துளியை எவ்வளவு பெரிய மெஷின் உடைத்தாலும் அது பக்கத்துத் துளியோடு மறுபடி சேர்ந்துவிடும். மெஷின் துளியை உடைக்கும். உடைந்ததை உடைந்தபடியே காப்பது சோப்பு.

அடுத்தது ஊற்றும் வரிசை. எண்ணெய் டிரம்மில் இருக்கும், வட்டு ஓடிக்கொண்டிருக்கும், அமோனியா கலந்த தண்ணீரை நூல் பிடித்த மாதிரி மெல்லிய தாரையாக விட வேண்டும். முதலில் தண்ணீர்தான் துளியாக எண்ணெய்க்குள் போகும். கலவை மெல்ல மெல்லக் கெட்டியாகும். களிம்புப் பதத்துக்கு வரும்போது மோட்டாரின் குரல் கனக்கும், அம்மீட்டர் முள் ஏறும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பயந்து மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்தால் போயிற்று. பொறுத்து இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒரு கட்டத்தில் கலவை புரளும். இதுவரை எண்ணெய்க்குள் தண்ணீர் இருந்தது. இனி தண்ணீருக்குள் எண்ணெய். களிம்பு சட்டென்று இளகும், மோட்டார் இலேசாகும், மேற்பரப்பில் பளபளப்பு மறைந்து வெண்மை வரும். புரண்ட பிறகு மீதித் தண்ணீரை வேகமாக விடலாம், கெடுதல் இல்லை. துளி பொடிவதெல்லாம் அந்தக் கெட்டிப் பதத்தில்தான். நீர்த்த கலவையில் வட்டு ஓடினால் துளிகள் விலகி வழிவிட்டுப் போகும். கெட்டியில் வழி இல்லை, நசுங்கியே ஆக வேண்டும்.

என் ஆசானின் கை அந்தக் கெட்டிப் பதத்தில் எப்படி இருக்கும் என்பதை நான் பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இடது கை டிரம்மின் விளிம்பில் இருக்கும். அதிர்வை அதில் வாங்குவார். வலது கையில் குழாய் வால்வு. கண் சுழியில். "மக்கா, ஊத்துத கையைப் பாக்காண்டாம், சுழியைப் பாரு. சுழி மூடுதுன்னா கையை நிறுத்து" என்பார். வட்டைச் சுற்றி உள்ளே இழுபடும் சுழி திறந்திருந்தால் விட்ட தண்ணீர் உடனே உள்ளே போகிறது. மூடிக்கொண்டால் தண்ணீர் மேலேயே தங்கும், தங்கிய இடத்தில் பெரிய துளிகள் உண்டாகும். பிறகு எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அவை முழுசாகத் தீராது. அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் இன்றும் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டைரினேட்டட் ஃபீனால் என்கிற ஆன்டி-ஆக்சிடன்ட் தேனைவிடத் தடிப்பு. பச்சையாக அதை உடைக்க முடியாது. 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி இளக்க வேண்டும். பாரஃபின் மெழுகென்றால் உருக்கி, தண்ணீரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த நீர் பட்ட இடத்தில் மெழுகு மணியாக உறையும். ஒரு தடவை பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு பையன் வந்து, மெழுகு எமல்ஷன் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஃபார்முலா சரியாகத்தான் இருக்கிறது என்றான். போய்ப் பார்த்தால் அமோனியா கலந்த தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் அடுப்பில் வைத்திருந்தான். சூட்டில் அமோனியா முழுக்க ஆவியாகிப் போய்விட்டது. காரம் இல்லாமல் சோப்பு எங்கிருந்து வரும்? சூடான எமல்ஷனுக்கு ஆவியாகாத காரம் வேண்டும். டிரைஎத்தனாலமைன் அல்லது பொட்டாஷ். அன்றைக்கே டிரைஎத்தனாலமைன் போட்டுச் செய்தோம், நின்றது. கலக்கிக்கொண்டே ஆறவிடவும் சொல்லிக்கொடுத்தேன். சூட்டோடு நிறுத்திவிட்டுப் போனால் மெழுகு மேலே ஆடை கட்டும்.

இப்போது மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். மெஷின் வகை எத்தனையோ இருந்தாலும் எல்லாம் செய்வது ஒன்றுதான்: நெருக்கமான இடத்தில் வேக வித்தியாசத்தை உண்டாக்குவது. ரம்பப் பல் வட்டு விளிம்பில் அதைச் செய்கிறது. ரோட்டார்-ஸ்டேட்டரில் சுழலும் தலைக்கும் நிற்கும் கூட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சந்து. அதன் வழியாகக் கலவை பிதுங்கி வெளியேறும். கொலாய்டு மில்லில் அந்தச் சந்தைத் திருகி இறுக்கவும் தளர்த்தவும் முடியும். ஹோமோஜெனைசர் அழுத்தத்தால் வேலை செய்வது. நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் கலவையை வால்வின் நுண்ணிய இடைவெளி வழியாகத் தள்ளும். பிரான்சில் ஓகுஸ்த் கோலன் 1899-ல் காப்புரிமை வாங்கிய மெஷின் அது, மாட்டுப் பாலின் கொழுப்பை உடைப்பதற்காக. பால் பண்ணைக்கு வந்த மெஷின் பிறகு பெயின்ட் தொழிலுக்கும் பாலிமர் தொழிலுக்கும் போனது. வட்டில் செய்தது மூன்று மைக்ரானில் நின்றால், ஹோமோஜெனைசரில் ஒரு முறை விட்டால் ஒரு மைக்ரானுக்குக் கீழே இறங்கும். ஆனால் வட்டிலேயே சரியாகச் செய்த கலவையைத்தான் அதில் விட வேண்டும். கரடுமுரடான கலவையை விட்டு மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது.

வட்டின் வேகத்தைச் சுற்றுக் கணக்கில் மட்டும் பேசுவது புதியவர்களுக்கு வரும் குழப்பம். கணக்கு விளிம்பில் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் வட்டு 1440 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு விநாடிக்கு 15 மீட்டர் போகிறது. சோதனை அறையில் 5 சென்டிமீட்டர் வட்டை 3000 சுற்றில் ஓட்டி ஒரு எமல்ஷன் நன்றாக வந்தால், விளிம்பு வேகம் கிட்டத்தட்ட 8 மீட்டர். அதையே 25 சென்டிமீட்டர் வட்டில் பெரிய டிரம்மில் செய்ய 3000 சுற்று வேண்டாம், 600 சுற்று போதும். இந்தக் கணக்கு தெரியாமல் பெரிய மோட்டாரைப் பூட்டி, காற்றை உறிஞ்சி, டிரம் முழுக்க நுரையை நிரப்பிய பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். வட்டின் விட்டம் டிரம்மின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடியிலிருந்து வட்டின் அரை விட்டத்துக்குக் குறையாத உயரம். தண்டு நட்ட நடுவில் வேண்டாம், கொஞ்சம் விலகியிருந்தால் சுழி காற்றை உறிஞ்சும் ஆழத்துக்குப் போகாது.

தண்ணீர் விஷயத்தில் கடலோரத்துக்காரன் நான் சொல்வதைக் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க் கிணறுகளில் பலவற்றின் நீரில் சோப்பு நுரைக்காது. துணி துவைத்தால் திரிதிரியாகப் படியும். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத சோப்பாக்கிவிடுவதால் அப்படி நடக்கிறது. எமல்ஷன் டிரம்முக்குள்ளும் அதேதான் நடக்கும்: துளிக்கு உறையாக வேண்டிய ஓலிக் ஆசிட், கால்சியத்தோடு சேர்ந்து கசடாகிப் போகும். மழைக்காலத்தில் நன்றாக வந்த எமல்ஷன் மீனம் மேடத்தில், கிணறு வற்றி உப்பு ஏறும்போது, பிரிந்து போகிற பட்டறைகளில் ஃபார்முலாவை மாற்றாதீர்கள். தண்ணீரைச் சோதியுங்கள். அயனி நீக்கிய தண்ணீர் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. கெட்டுப்போகிற ஒரு பேட்ச் அதைவிட அதிகம் தின்றுவிடும்.

எமல்ஷன் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் செய்வது எளிய சோதனைகள். கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் எடுத்து ஒரு துளி விடுங்கள். நல்ல எமல்ஷன் வெண்புகை போல விரிந்து இறங்கிக் கரையும். ஆகாத எமல்ஷன் மேலே எண்ணெய்க் கண் காட்டும். இரண்டாவது, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெறும் பால் வெண்மை என்றால் துளிகள் ஒரு மைக்ரானைவிடப் பெரியவை. ஓரத்தில் நீலம் ஓடினால் ஒரு மைக்ரானுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த நீலத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு கண் அதைத் தேடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, ஒரு பாட்டிலில் அடைத்துத் தேதி ஒட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். துளியின் அளவு பாதியானால் அது மேலே ஏறும் வேகம் நாலில் ஒரு பங்காகும். அதனால் பத்து நாள் கழித்தும் ஆடை கட்டாத பாட்டில், எந்த ரிப்போர்ட்டையும்விட உறுதியான சாட்சி.

இவ்வளவு வேகத்தில் செய்த எமல்ஷனைப் பாலில் சேர்க்கும்போது மனசை முழுக்க மாற்றிக்கொள்ள வேண்டும். பாலின் துகள் உறை மரம் கொடுத்தது, அதை நாம் மறுபடி செய்ய முடியாது. வேகமாக அடித்தால் துகள்கள் மோதி, உறை கிழிந்து, ரப்பர் ரப்பரோடு ஒட்டும். லேட்டக்ஸ் வாங்கும்போது பார்க்கும் எம்.எஸ்.டி. சோதனையே இதற்குத்தான்: 55 சதவீதத்துக்கு நீர்த்த பாலை 35 டிகிரியில் நிமிடத்துக்கு 14,000 சுற்றில் அடித்து, எத்தனை விநாடியில் கட்டி தோன்றுகிறது என்று பார்ப்பார்கள். 650 விநாடிக்குக் குறையக் கூடாது என்பது தரம். சோதனைக் குடுவையில் வேண்டுமென்றே செய்கிற அந்த வேலையை, அவசரக்காரர்கள் டிரம்மிலேயே செய்துவிடுகிறார்கள். ஒரு பையன் துடுப்பு ஸ்டர்ரர் பழுதாக இருந்த அன்று, ஒரு நிமிஷம்தானே என்று ரம்ப வட்டைப் பாலில் இறக்கினான். தண்டைச் சுற்றி ரப்பர் உருண்டை கட்டி, அதைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அவனைத் திட்டவில்லை. அந்த உருண்டையை அவன் கையில் கொடுத்து, இதற்குள் எத்தனை மரத்து வெட்டு இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கச் சொன்னேன். இன்று அவன் ஒரு பட்டறையின் காம்பவுண்டிங் அறையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறான்.

பாலும் வருஷம் முழுக்க ஒரே பாலாக இருக்காது. தையில், மாசியில் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் வரும் பால் நிதானமற்றது, மக்னீசியம் கூடியிருக்கும். அதைத் தோட்டத்துச் சென்ட்ரிஃபியூஜ் ஆலையிலேயே டைஅமோனியம் பாஸ்பேட் போட்டு வண்டலாக இறக்கிவிடுவார்கள். இருந்தாலும் அந்த மாதங்களில் நான் எமல்ஷனை இன்னும் நீர்த்து, இன்னும் மெதுவாகத்தான் சேர்ப்பேன். சேர்ப்பதற்கு முன் இரண்டின் காரத்தையும் பி.எச். தாளில் பார்ப்பேன். பத்தை ஒட்டி இரண்டும் இருந்தால்தான் வால்வைத் திறப்பேன்.

சேர்த்த காம்பவுண்ட் ஒரு இரவு முழுக்க மெல்லக் கலங்கியபடி முதிர வேண்டும். உள்ளே சிக்கிய காற்று ஏறிப் போவதற்கும் அந்த நேரம் தேவை. அந்தக் காற்றுக் குமிழியும் உடையாத எண்ணெய்த் துளியும் எங்கே தெரியும் என்றால் கையுறையின் விரல் நுனியில். அறுவை சிகிச்சைக் கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். ஒரு துளி கசிந்தாலும் அது கழிவு. அந்தக் கையுறைக்குள் ஒரு டாக்டரின் கை இருக்கிறது, வெளியே ஒரு நோயாளியின் இரத்தம் இருக்கிறது. ஆணுறையிலும் அப்படியே. திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969-லேயே ஜப்பான் நிறுவனத்தின் உதவியோடு ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் ஆலையில் ஆணுறை உற்பத்தி தொடங்கியது. நம் பக்கத்து ரப்பர் பாலுக்கு அவ்வளவு நுணுக்கமான பொருளாகும் தகுதி உண்டு என்பதற்கு அந்த ஆலை சாட்சி.

செயற்கை ரப்பரும் எமல்ஷன் பெயின்டும் செய்யும் பெரிய ஆலைகளில் பாலிமரையே எமல்ஷனில் வளர்க்கிறார்கள். வழக்கமான முறையில் அங்கே துளி பொடிவது அவ்வளவு முக்கியமில்லை. பாலிமர் வளர்வது சோப்பின் மூலக்கூறுத் திரள்களில். 1973-ல் ஊகல்ஸ்டாட், எல்-ஆசர், வாண்டர்ஹாஃப் மூவரும் துளியைப் போதுமான அளவு பொடித்தால் அந்தத் துளிக்குள்ளேயே பாலிமர் வளரும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வேலைக்கு ஹோமோஜெனைசர் தேவைப்பட்டது. படித்தவர்கள் அதன் காரணத்தை விரிவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கிடைத்த பாடம் சிறியது: துளியின் அளவை ஆள்கிறவன் பொருளின் குணத்தை ஆள்கிறான்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்குச் சில காரியம் சொல்லி முடிக்கிறேன். கைலி கட்டிக்கொண்டு தண்டுப் பக்கம் போகாதீர்கள். மோட்டார் நின்று, சுவிட்சை எடுத்த பிறகே டிரம்முக்குள் கை விடுங்கள். அமோனியா டிரம்மைத் திறக்கும்போது காற்று வரும் பக்கம் நின்று, கண்ணாடி போட்டுத் திறங்கள். வேலை முடிந்ததும் வட்டை அப்போதே கழுவுங்கள். காய்ந்த ஆடையின் ஒரு துணுக்கு அடுத்த பேட்சில் கட்டியாகப் பிறக்கும். எண்ணெயின் சூடு, தண்ணீர் எந்தக் கிணற்றுது, புரண்ட நேரம், அம்மீட்டர் அளவு, பாட்டில் எத்தனை நாள் நின்றது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். முதல் ஆறு மாசம் புது மெஷின் கேட்காதீர்கள். உங்களிடம் இருக்கிற வட்டிலேயே நீல ஓரம் வரவழைக்கப் பாருங்கள். அது வந்துவிட்டால் எந்தக் கம்பெனியின் எந்த மெஷினும் உங்கள் கைக்கு அடங்கும். மெஷின் எத்தனை முறை மாறினாலும், கெட்டிப் பதத்தில் பொறுத்து நிற்கத் தெரிந்த ஆளைத்தான் ஒவ்வொரு பட்டறையும் தேடும்.